சாவி எங்கே இருந்தது?

விபத்து வழக்கோடு வக்கீலான என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "வேணும்னு செய்யல சார்." நம்புகிறேன். யாரும் வேண்டுமென்று ஆள் மேல் வண்டியை ஏற்றுவதில்லை. ஆனால் கவனக்குறைவு வழக்கில் கேள்வி அது இல்லை. மோதுவதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள், செய்ய வேண்டியதில் எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதுதான்.

ஒரு அப்பா வந்தார். அவருடைய பதினாறு வயது மகன் காரை எடுத்துக்கொண்டு போய் சைக்கிளில் வந்தவர் மேல் மோதிவிட்டான், அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "நான் தூங்கிட்டிருந்தேன், எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். சாவி எங்கே இருக்கும் என்று கேட்டேன். வாசல் கதவு ஆணியில். பையன் இதற்கு முன்னாலும் எடுத்திருக்கிறானா? கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ரெண்டு மூணு தடவை" என்றார். எதிர்த்தரப்புக்கு அந்தப் பதில் ஒன்றே போதும்.

துப்பாக்கி வழக்குகளிலும் கதை இதேதான். மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை, கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே சேம்பருக்குள், அதாவது சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் அறைக்குள், ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும், மேகசினைக் கழற்றினால் அது வெளியே வராது. துடைக்கும்போதோ நண்பரிடம் காட்டும்போதோ விரல் விசையில் பட்டால் முடிந்தது. சேம்பரைத் திறந்து கண்ணால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்யாமல் விட்டதற்குத்தான் தண்டனை. பூட்டி வைப்பதும் அப்படித்தான். குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்டது ஃபுளோரிடா மாநிலம், 1989-ல். ஆஸ்திரேலியாவில் 35 பேர் பலியான போர்ட் ஆர்தர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 1996-ல் அங்குள்ள மத்திய, மாநில அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கச் சொன்னது. இதை அரசின் கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு, ஆனால் சுட்டவனே குழந்தையாக இருந்த வழக்கில் வாதாடியவர்கள் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"கொஞ்சம்தான் வேகமாப் போனேன்" என்பது இன்னொன்று. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி சுமார் 14 மீட்டர் போகும், 70-ல் 19 மீட்டருக்கு மேல். மோதும்போது வண்டிக்குள் இருக்கிற ஆற்றலோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் "கொஞ்சம்" எதிரே நிற்பவருக்குக் கொஞ்சம் இல்லை.

சரி, பொறுப்பு எல்லோருக்கும் ஒன்று என்றால் தண்டனையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்கிறதா? இல்லை, இது என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஒரே அபராதத்தை ஒருவர் அன்றே கட்டிவிட்டு மறந்துவிடுகிறார், இன்னொருவர் அதற்காகக் கடன் வாங்குகிறார். ஃபின்லாந்தில் 1921 முதல் நாள்கணக்கு அபராதம் இருக்கிறது, வருமானத்தை வைத்து ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வசூலிப்பார்கள். 2023-ல் 50 எல்லையில் 82 கிலோமீட்டர் வேகத்தில் போன ஒரு தொழிலதிபருக்கு 1,21,000 யூரோ விழுந்தது. பலருக்கு இது அநியாயமாகத் தெரியும், எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. அதோடு, உரிமத்தை நிறுத்திவைப்பது பணக்காரரையும் பேருந்துக்கு நிற்க வைக்கும், அதனால் அபராதத்தைவிட அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். வண்டியை ஓட்டியது முதலாளி, ஸ்டேஷனில் போய் நிற்பது சம்பளத்துக்கு இருக்கிற டிரைவர். "குடும்பத்தை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். பொய் வாக்குமூலம் தனிக் குற்றம், அது வெளிப்பட்டால் இரண்டு பேரும் மாட்டுவார்கள், அதில் முதலில் கைவிடப்படுவது டிரைவர்தான். தம்பி, யார் கேட்டாலும் அதற்கு மட்டும் தலையாட்டாதே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்கள் ஏற்பாடு செய்த வக்கீலிடம் இல்லை, நீயே தேடிப் பிடித்த வக்கீலிடம் பேசு. காசில்லை என்றால் இலவச சட்ட உதவி கேள், பல நாடுகளில் அது உன் உரிமை.