புளியும் பற்பசையும் வேண்டாம்: ரோமானியக் காசு கைக்கு வந்தால்

கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், கோவை வெள்ளலூரிலும், புதுக்கோட்டை வட்டாரத்திலும், இலங்கையில் பல இடங்களிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பழங்காசு ஒன்று வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் முதலில் நடப்பது, பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல அதைப் புளி போட்டுத் தேய்ப்பது. அதற்கும் மசியாவிட்டால் எலுமிச்சை, பற்பசை, சாம்பல். காசு பளபளக்கும். ஆனால் அதிலிருந்த எழுத்து போயிருக்கும்.

செம்பு, வெண்கலக் காசுகள் மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும்போது மேற்பரப்பு மெல்லக் களிம்பாக மாறுகிறது. அச்சடித்தபோது பதிந்த முகமும் எழுத்தும் பல நேரம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும், அடியில் உள்ள உலோகத்தில் அல்ல. அமிலம் பட்டதும் படலம் கரைந்துவிடும். சொரசொரப்பான செம்புத் துண்டுதான் மிஞ்சும். 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் சிறு செம்புக் காசுகள் பலவும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாதவை. அவற்றில் ஒருமுறை தேய்த்தாலே அரசர் யார் என்பது தெரியாமல் போகும். வெள்ளிக் காசின் கருமை காசைக் கெடுப்பதில்லை, அப்படியே விடலாம். தங்கம் மிருதுவானது, துணியால் அழுத்தித் துடைத்தாலும் மண்துகள் அதில் கீறல் போடும்.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? நம் மண்ணில் அதிகம் கிடைத்த இரண்டு வகை ரோமானிய வெள்ளிக் காசுகளையே எடுத்துக்கொள்வோம். முதல் வகையில் முன்பக்கம் முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தலை. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் கையஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் ஜூலியாவின் பிள்ளைகள். பாட்டனாரே சுவீகாரம் எடுத்துக்கொண்ட வாரிசுகள். ரோமில் அப்போது சட்டப்படி மன்னர் பதவி என்று ஒன்று கிடையாது. ஆகவே ‘எனக்குப் பின் இவர்கள்’ என்று ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் நேராக அறிவிக்க முடியாததை, பிரான்சின் இன்றைய லியோன் நகரத்து அச்சுக்கூடத்திலிருந்து கோடிக்கணக்கான கைகளுக்குக் காசாக அனுப்பினார் அகஸ்டஸ். லூசியஸ் கி.பி. 2-லும், கையஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள்.

இரண்டாவது வகை, அவர்கள் இறந்ததால் அரியணைக்கு வந்த தைபீரியஸின் காசு. முன்பக்க எழுத்து ‘தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், தைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்’ என்கிறது. பின்பக்கம் அமர்ந்திருக்கும் ஓர் உருவம், சுற்றிலும் ‘தலைமைக் குரு’ என்ற பட்டம். பெற்ற மகன் அல்லாத ஒருவர் தன் உரிமையை நிலைநாட்டிய விதம் இது. இந்த இரண்டு காசும் ஒரே பானையில் கிடைத்தால், ரோமானிய அரசுரிமைச் சிக்கல் முழுவதும் அந்தப் பானைக்குள் இருக்கிறது.

பட்டங்கள் காலத்தையும் சொல்லும். பேரரசரின் ‘மக்கள் தலைவர்’ அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. எத்தனையாவது ஆண்டு என்ற எண் பல காசுகளில் இருக்கும். எத்தனை முறை கான்சல் என்னும் உயர் ஆண்டுப் பதவி வகித்தார், படை எத்தனை முறை வெற்றி வாழ்த்து எழுப்பியது என்பதற்கும் எண் உண்டு. பேரரசர் டிராஜன் காசில் ‘ஐந்தாம் முறை கான்சல்’ என்றிருந்தால் அது 103-க்கும் 111-க்கும் இடையில் அடித்தது. ஐந்தைக் குறிக்கும் அந்த ‘V’ ஓர் ஓரத்தில் இரண்டு கோடுகளாகத்தான் இருக்கும். பற்பசை முதலில் தின்பது அதைத்தான்.

இந்தக் காசுகளின் பின்னால் இருப்பது படை. அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் என்னும் ரோமானியப் படைப்பிரிவின் வீரருக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ், மூன்று தவணையாக. ஒரு தெனாரியஸ் வெள்ளிக்காசுக்கு 16 ஆஸ் செம்புக்காசு. 25 தெனாரியஸுக்கு ஒரு ஔரியஸ் தங்கக்காசு. கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 10 ஆஸ். அதிலும் உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்தம் உண்டு. கி.பி. 14-ல் அகஸ்டஸ் இறந்ததும் டான்யூப் ஆற்றங்கரை மாகாணமான பன்னோனியாவில் இருந்த லீஜியன்கள் கலகம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, நாளுக்கு முழு ஒரு தெனாரியஸ் வேண்டும் என்பது. ஊருக்குள் அந்தப் பணத்தின் மதிப்பு என்ன என்பதற்கு, எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயியின் மதுக்கடை ஒன்றின் சுவர் எழுத்து சாட்சி: சாதாரண மது 1 ஆஸ், அதைவிட நல்லது 2, உயர்தரமான பலேர்னியன் மது 4. குளியல் மண்டபத்துக்குப் பொதுவாக ஒரு ஆஸில் கால் பங்கு. ஒரு வெள்ளிக் காசைக் கையில் வைத்திருப்பவர், ஒரு வீரர் ஒன்றரை நாள் உழைத்துப் பெற்ற கூலியை வைத்திருக்கிறார்.

படைச் செலவும் கட்டடச் செலவும் ஏறும்போதெல்லாம் பேரரசர்கள் கைவைத்தது காசின் எடையில். கி.பி. 64 அளவில் நீரோ, ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்திலிருந்து 40 ஔரியஸ் அடித்துவந்ததை 45 ஆக்கினார். வெள்ளியில் 84 தெனாரியஸ் என்பது 96 ஆனது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. நம் நாட்டில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அதற்கு முந்தைய அகஸ்டஸ், தைபீரியஸ் காசுகளாக இருப்பது இதனோடு பொருந்துகிறது: தொலைவில் இருந்த வணிகர் காசை உலோகமாகவே எடைபோட்டு வாங்கினார், தரம் குறைந்ததை ஏற்கவில்லை. என் பார்வையில் நீரோ செய்த மாற்றத்துக்கு மிகத் தெளிவான வெளிச்சாட்சிகளில் ஒன்று தமிழகத்து மண்.

இனி, கள்ளக் காசு. ரோமானியக் காசு என்று சந்தையிலும் இணையத்திலும் விற்பவற்றில் வார்ப்புப் போலிகள் ஏராளம். அசல் காசு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டது. அடி விழுந்ததும் உலோகம் வெளிப்பக்கம் ஓடும். அதனால் ஓரத்தில் சிறு வெடிப்புகள் இருக்கலாம், படம் நடுவைவிட்டு விலகியிருக்கலாம், எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்த்த போலியில் எழுத்து மழுங்கி இருக்கும், பத்து மடங்கு லென்ஸில் ஊசிமுனை போன்ற காற்றுக்குழிகள் தெரியும், ஓரத்தைச் சுற்றி இரண்டு அச்சு சேர்ந்த கோடும் அதை அரம் போட்டு மறைத்த தடமும் இருக்கும். ஒரே விற்பனையாளரிடம் உள்ள இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். எழுத்தையும் பாருங்கள்: ‘யு’ என்னும் லத்தீன் எழுத்துக்கு அந்தக் காலத்தில் ‘வி’ வடிவம்தான், அகஸ்டஸ் பெயரில் வளைந்த ‘யு’ இருந்தால் அது இக்காலத்தது.

எடை அடுத்த சோதனை. நீரோவின் மாற்றத்துக்கு முந்தைய ஔரியஸ் 7.7 முதல் 7.9 கிராம், பிந்தையது 7.3 கிராமுக்குள். தெனாரியஸ் முன்பு 3.6 முதல் 3.9, பின்பு 3.4-ஐ ஒட்டி. தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். கூடுதலாக இருப்பதுதான் அதிகச் சந்தேகத்துக்குரியது.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நீர்ச் சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். முதலில் காசைக் காய்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குவளைக் காய்ச்சி வடித்த நீரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள்; இப்போது காட்டும் எண்ணால் காய்ந்த எடையை வகுங்கள், வரும் விடை உலோகத்தின் அடர்த்தி. 7.80 கிராம் ஔரியஸ் 0.41 காட்டினால் விடை 19, நல்ல தங்கம். 3.75 கிராம் தெனாரியஸ் 0.36 காட்டினால் 10.4, நல்ல வெள்ளி. 0.42 என்றால் 8.9, அதாவது உள்ளே செம்பு. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்துவிடும். சிறிய காசில் 0.01 பிழைகூட விடையை 0.3 அளவுக்கு மாற்றும் என்பதால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். களிம்பேறிய செம்புக் காசை நீரில் போடவே வேண்டாம்.

செம்பு இருந்தால் உடனே போலி என்று வீசிவிடவும் கூடாது. செம்பின் மேல் வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக் காசுகள் ரோமானியர் காலத்திலேயே இருந்தன. கையஸ், லூசியஸ் வகையிலும் உண்டு. அவையும் வரலாறுதான். தட்டார் கடையில் உரைகல்லில் உரசிப் பார்ப்பது மட்டும் கூடாது. ஓரம் தேயும், அமிலக் கறை நிற்கும், விலை பேசும்போது உலோக மதிப்புதான் கணக்காகும்.

வெட்டுத் தழும்பு, துளை, பிற்காலத்தில் ஒட்டிய வளையம் எதையும் ‘சரி’ செய்யாதீர்கள். 1898-ல் புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசர் தலையின் மேல் உளியால் வெட்டியிருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கம் தருகிறார்கள். அந்தத் தழும்பு இல்லாவிட்டால் கேள்வியே எழுந்திருக்காது. அந்தக் குவியலில் மிகப் பிந்தியது வெஸ்பாசியன் காசு. ஆகவே அவர் ஆட்சி தொடங்கிய கி.பி. 69-க்குப் பிறகுதான் அது புதைக்கப்பட்டிருக்க வேண்டும். இப்படிச் சொல்ல முடிவது 501-ம் ஒன்றாக இருந்ததால். பங்கு பிரித்துப் பத்து வீட்டுக்குப் போயிருந்தால் கடைசிக் காசு எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

எனவே காசு கிடைத்தால் அங்கேயே நிறுத்தி, இடத்தைப் படம் எடுங்கள். பானை ஓடு, சுற்றியிருந்த மண் எல்லாம் சேர்த்து எடுங்கள். காசை ஓரத்தில் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் அது விடும் அமிலம் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது பரவும் நோய். மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்து, அருங்காட்சியக வேதியியல் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

சட்டத்துக்குப் பயந்து உருக்குபவர்கள் உண்டு; விவரம் தெரிந்தால் அந்தப் பயம் குறையும். இந்தியப் புதையல் சட்டம், 1878-இன்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் பொருளின் தன்மை, அளவு அல்லது தோராய மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஆட்சியர் கேட்கும்போது காட்டுவதாகப் பிணையம் தர வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். மறைத்தால் பங்கு போவதோடு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. உரிமம் இல்லாமல் வாணிகம் செய்வதும் குற்றம். வாங்குபவர் விற்பவரிடம் அந்த உரிமத்தைக் கேளுங்கள். கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தரும் கடிதத்தில் காசுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் எடை, இரு பக்கப் படம் ஆகியவற்றையும் சேர்த்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.