விருப்பப் படை: தொண்டரும் அல்ல, தன்னார்வலரும் அல்ல

கனடா வரலாறு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பை அண்மையில் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். 1855-இல் கனடா மாகாணம் இயற்றிய படைச் சட்டத்தைப் பற்றிய பகுதி. "தன்னார்வத் தொண்டர் படையினருக்கு நாளொன்றுக்கு 5 ஷில்லிங் மதிப்பூதியம் வழங்கப்பட்டது" என்று இருந்தது. மூலத்தில் மதிப்பூதியம் எல்லாம் இல்லை, நேரான சம்பளம்தான். ஏன் மாற்றினீர்கள் என்று மொழிபெயர்த்தவரிடம் கேட்டேன். "தொண்டர்னு எழுதிட்டு அடுத்த வார்த்தையே சம்பளம்னு எப்படிங்க எழுதறது? இடிக்குதே" என்றார். அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் மாற்ற வேண்டியது சம்பளத்தை அல்ல, தொண்டரை.

ஆங்கிலத்தின் 'வாலண்டியர் கோர்' (volunteer corps) என்பதற்கு வைக்கும் இந்தத் 'தன்னார்வத் தொண்டர் படை' எனக்குப் புதிதல்ல. காலனிக் கால வரலாறு தமிழுக்கு வரும்போதெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. இனியும் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாலண்டியர் என்பதன் வேர் 'வொலுண்டாஸ்' என்ற லத்தீன் சொல். மன விருப்பம் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது படைச் சொல்லாகத்தான் வந்தது. யாரும் பிடித்துக்கொண்டு போகாமல் தானாகப் போய்ச் சேர்ந்த படைவீரன் வாலண்டியர். நிவாரண முகாமில் சோறு பரிமாறுகிறவர் என்ற பொருள் பிறகு கிளைத்தது. கூடவே வரும் 'கோர்' உடலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓருடலாக இயங்கும் அணி.

ஆக, வாலண்டியருக்கு எதிர்ச்சொல் சம்பளக்காரர் இல்லை. கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர்தான் அதற்கு எதிர்ச்சொல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கனடாக் கதை முழுவதும் தெளிவாகிவிடும்.

இன்றைய ஒண்டாரியோ, கியூபெக் ஆகியவற்றின் தென்பகுதிகள் 1841 முதல் 1867 வரை கனடா மாகாணம் என்ற ஒரே காலனியாக இருந்தன. அங்கே 18 வயது முதல் 60 வயது வரை உடல் திடமுள்ள ஆண்கள் எல்லோரும் சட்டப்படி மிலிஷியாவில், அதாவது குடிமக்களைக் கொண்ட படையில், சேர்ந்தவர்கள். பெயருக்குத்தான் படை. ஆண்டுக்கு ஒருநாள் கூடிப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கிரிமியப் போருக்காக பிரிட்டன் அங்கிருந்த தன் நிரந்தரத் துருப்புகளைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இந்தப் பெயர்ப்படை போதாது என்று தெரிந்துபோயிற்று. 1855 சட்டம் அதற்காகப் பிறந்ததுதான். விரும்பிச் சேர்பவர்களைக் கொண்டு 5,000 பேருக்கு மிகாத ஒரு படை. ஆண்டுக்குப் பத்து நாள் பயிற்சி, பீரங்கிக்காரர்களுக்கு இருபது நாள். நாளொன்றுக்கு 5 ஷில்லிங் சம்பளம். அப்போதைய கனடாக் கணக்கில் அது ஒரு டாலர். ஆயுதம் அரசு கொடுக்கும், சீருடை அவரவர் செலவு.

இதில் என் வழக்குக்கு வலுச் சேர்க்கும் செய்தி ஒன்று இருக்கிறது. சம்பளம் பெறும் அணிகளை 'ஏ' வகுப்பு என்றார்கள். சம்பளமே வேண்டாம், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களை 'பி' வகுப்பு என்றார்கள். காசு வாங்கியவரும் வாலண்டியர், வாங்காதவரும் வாலண்டியர். சட்டமே இப்படிச் சொல்லும்போது, சம்பளமில்லாச் சேவையை மடியில் கட்டிக்கொண்டு நிற்கும் தொண்டர் என்ற சொல்லை அங்கே எப்படிக் கொண்டுபோய் வைப்பது? 'ஏ' வகுப்பை ஊதியத் தொண்டர் என்றும் 'பி' வகுப்பை ஊதியமில்லாத் தொண்டர் என்றும் எழுதினால் முன்னது முரண், பின்னது கூறியது கூறல்.

தொண்டர் என்ற சொல் பொருந்தாததற்கு இன்னும் ஆழமான காரணமும் உண்டு. தொண்டு என்பதன் பழைய பொருளே அடிமைத்திறம். சுந்தரர் கதையை நினைத்துப் பாருங்கள். திருமணப் பந்தலில் முதியவராக வந்து நின்ற இறைவன், நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டி, வழக்காடி, வென்று ஆட்கொள்கிறார். சுந்தரர் தாமாகப் போய்ப் பெயர் கொடுக்கவில்லை. அந்தச் சுந்தரர் அடியார்களை வரிசைப்படுத்திப் பாடியதுதான் திருத்தொண்டத்தொகை. உரிமை உடையவன் இழுத்துக்கொண்ட ஆளைக் குறிக்கும் சொல்லை, தானே முன்வந்த ஆளுக்கு வைப்பது தலைகீழ் வேலை. இன்றைய வழக்கிலோ தொண்டர் என்றால் கட்சிக்காரர். தொண்டர் படை என்றதும் மாநாட்டுப் பந்தலில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குசெய்கிறவர்தான் வாசகர் கண்ணுக்கு வருவார், கையில் துப்பாக்கியோடு யாரும் வரமாட்டார்கள்.

சரி, தொண்டரை விட்டுவிட்டுத் 'தன்னார்வலர் படை' என்று எழுதலாமே என்பார்கள். அது இதைவிட மோசம். "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்" என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்பு கொண்டவர். அந்த வழியில் பார்த்தால் தன்னார்வலர் தன்னையே நேசிப்பவர். வழக்கில் ஊறிவிட்டது, அதனால் அன்றாடப் பேச்சில் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ரத்ததான முகாமுக்குத் தன்னார்வலர் வரட்டும். ஆனால் படைச் சட்டத்தில் ஆர்வம் ஒரு பொருட்டே அல்ல. ஒருவர் உற்சாகமாகச் சேர்ந்தாரா, டாலருக்காகச் சேர்ந்தாரா, பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்தார் என்பதற்காகச் சேர்ந்தாரா என்று சட்டம் கேட்கவில்லை. கட்டாயமில்லாமல் ஒப்பினாரா என்பது மட்டுமே அதற்கு வேண்டும்.

1862-இல் நடந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டு இறுதியில், டிரெண்ட் என்ற பிரிட்டன் கப்பலை அமெரிக்கக் கடற்படை மறித்த விவகாரத்தால் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூளும்போல் இருந்தது. கனடாவில் 50,000 பேர் கொண்ட படைக்கு ஒரு குழு பரிந்துரைத்தது, சட்டமன்றத்துக்கு மசோதாவும் வந்தது. ஆண்டுச் செலவு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். விரும்பி வருகிறவர்கள் போதாவிட்டால் குலுக்கல் போட்டு ஆள் எடுக்கலாம் என்றும் மசோதாவில் இருந்தது. செலவு ஒருபக்கம், கட்டாயம் ஒருபக்கம் என்று உறுப்பினர்கள் மிரண்டார்கள். மே 20 அன்று 61-க்கு 54 என்ற வாக்கில் மசோதா தோற்றது, கார்ட்டியே-மெக்டொனால்ட் அரசும் கவிழ்ந்தது. விருப்பமா கட்டாயமா என்பதே அங்கே வழக்கு. நான் படித்த மொழிபெயர்ப்பில் இது "தன்னார்வலர்கள் குறைந்தால் குலுக்கல் நடத்தப்படும்" என்று வந்திருந்தது. படிக்கிறவர் பரிசுச் சீட்டு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே சொல் சென்னையிலும் புழங்கியது. 1857-இல் மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ் என்ற படை இங்கே அமைந்தது. இந்தியர்களையும் வாலண்டியர் படையில் சேர்க்க வேண்டும் என்று 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அவர்கள் கேட்டது ஆயுதம் ஏந்தும் உரிமையை. அதைத் 'தன்னார்வத் தொண்டர்களாகச் சேர்க்கக் கோரினர்' என்று எழுதினால் அந்தக் கோரிக்கையின் கூர்மை முழுவதும் மழுங்கிப்போகிறது.

இலங்கைத் தமிழில் தொண்டர் படையணி என்ற வழக்கு நிலைத்திருக்கிறது என்று யாரேனும் சொல்லலாம். உண்மைதான். அங்கே அது ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவின் பெயர். பெயரை அப்படியே வைத்துக்கொள்வதே முறை. ஒரு பெயர் நிலைத்துவிட்டதால் எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் அதையே சாத்த வேண்டியதில்லை.

அப்படியானால் எதைச் சொல்வது? விருப்பப் படை. ஒருவரைக் குறிக்க விருப்பப் படைவீரர், ஓர் அணியைக் குறிக்க விருப்பப் படையணி. விருப்பப் பாடம் என்பதுபோல, வேண்டுமானால் வைத்துக்கொள்ளும் படை என்று பொருள்படாதா என்று ஒரு நண்பர் கேட்டார். விருப்ப ஓய்வு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். யாரும் குழம்புவதில்லை. விருப்ப ஓய்வு பெறுகிறவர் கைநிறையப் பணமும் வாங்கிக்கொண்டுதான் போகிறார். கட்டாயம் இல்லை, காசு உண்டு. வாலண்டியர் படைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேண்டுமா? தெருவில் பேசுகிறவர்களும் இந்தப் பொருளைத் தவறவிடவில்லை. "இவன்தான் வாலண்டியரா போய் வம்புல மாட்டிக்கிட்டான்" என்கிறார்கள். யாரும் கூப்பிடாமல் தானாகப் போனான் என்று பொருள். படிக்காதவர் பிடித்துக்கொண்ட பொருளை அகராதியை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறவர் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் வாக்கியத்தைப் பார்ப்பதில்லை. சொல்லுக்குச் சொல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், இடிக்கும் இடத்தில் பக்கத்துச் சொல்லைச் செதுக்கிவிடுகிறார்கள். அந்த மதிப்பூதியம் அப்படி வந்ததுதான்.

மிலிஷியாவுக்கும் ஒரு வார்த்தை. செய்தித்தாள்கள் ஆயுதக்குழு என்று எழுதுகின்றன. 19-ஆம் நூற்றாண்டுக் கனடாவுக்கு அது ஒட்டவே ஒட்டாது. பரிமேலழகர் படைமாட்சிக்கு உரை சொல்லும்போது மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்கிறார். நாட்டுக் குடிகளே படையாகும் மிலிஷியாவுக்கு இதில் நாட்டுப்படை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மெய்ப்பில் நான் திருத்தி அனுப்பியது இது: "1855 சட்டப்படி நாட்டுப்படைக்குள் ஒரு விருப்பப் படை அமைந்தது. அதன் வீரர்களுக்குப் பயிற்சி நாள்களில் 5 ஷில்லிங் சம்பளம்." மொழிபெயர்த்தவர் ஏற்றுக்கொண்டார். மதிப்பூதியத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.