வலிப்பு மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது. இரண்டு வருடமாக வலிப்பே இல்லாமல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பையன், நிற்காத வலிப்போடு வந்தான். "ஜெபத்தில் சுகமாகிவிட்டான் டாக்டர், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்" என்றார் அம்மா. அவன் பிழைத்துவிட்டான். எல்லோரும் பிழைப்பதில்லை.

மாத்திரை கொடுத்தால் வேதத்தைப் பொய்யாக்குவதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தோடுதான் எனக்குச் சண்டை. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், இயேசு பிசாசைத் துரத்திச் சுகமாக்கும் பையன் விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், விறைத்துப்போகிறான். நரம்பியல் படித்த யாருக்கும் அது வலிப்பு என்று தெரியும். அதே சம்பவத்தை எழுதும் மத்தேயுவில் தகப்பன் தன் மகனைச் 'சந்திரரோகி' என்கிறான். மூலமான கிரேக்கச் சொல்லிலும் நிலாதான் இருக்கிறது. வலிப்புக்கு நிலாவே காரணம் என்று அன்று நம்பினார்கள். இன்று எந்தச் சபையாவது அப்படிச் சொல்கிறதா? நிலாவை விட்டுவிட்டோம், அதனால் யாருடைய விசுவாசமும் போய்விடவில்லை. 1924-இல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். இன்று அந்தப் பதிவிலேயே வலிப்பைப் பார்க்கிறோம். பிசாசுதான் காரணம் என்ற பழைய விளக்கத்தை இந்த அறிவு கேள்வி கேட்கத்தான் செய்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மத்தேயு 4:24, பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் தனித்தனியாகத்தானே சொல்கிறது? பவுல் லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்றுதானே எழுதினார்?

திருச்சபையே மாறியிருக்கிறது. தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் மறுத்த காலம் உண்டு. கத்தோலிக்கர்களின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மனநோயைப் புரிந்துகொண்டதால் இரக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சரி, இனி கவனியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனை. ஜெபக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

ஜெபிக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இரவு மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஜெபியுங்கள், அம்மா. போதகர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் பிள்ளையின் தலைமேல் கை வைக்கும் முன், "இன்றைக்கு மாத்திரை போட்டாயா?" என்று கேளுங்கள். நான் நூறு முறை சொல்வதைவிட நீங்கள் ஒரு முறை சொன்னால் கேட்பார்கள்.