பழைய வேகன்ஆருக்கு எவ்வளவு வரும்? வடசென்னையில் வண்டி மாற்றப் போகிறவர்களுக்கு

வேகன்ஆரை மாற்றலாம் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் நீட்டுவது இன்ஷூரன்ஸ் பாலிசியைத்தான். "இதுல மூணேகால் லட்சம்னு போட்டிருக்கு சார், ஷோரூம்ல ரெண்டே முக்கால்தான் சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?" பெரம்பூர் பக்கம் பழைய கார்களை மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். விற்பவரும் கூப்பிடுவார், வாங்குபவரும் கூப்பிடுவார். இரண்டு பக்கமும் நின்று பார்ப்பதால் சொல்கிறேன்: ஏமாற்று நடக்கும் இடம் வேறு. பாலிசியில் இருக்கும் எண்ணில் அது இல்லை.

அந்த எண்ணுக்கு ஐ.டி.வி. என்று பெயர். வண்டி திருடுபோனாலோ, சரிசெய்ய முடியாதபடி நொறுங்கினாலோ காப்பீட்டு நிறுவனம் தரக்கூடிய உச்சத் தொகை அது. புது வண்டியின் விலையில் வயதுக்கு ஏற்பக் கழித்துப் போடுவார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, பிறகு வருடத்துக்குப் பத்து பத்தாக ஏறி ஐந்து வருடத்தில் 50. அதற்கு மேல் நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. உங்கள் வண்டி வீட்டுக்குள் கவர் போட்டு நின்றதா, திருவொற்றியூர் கடற்கரை ஓரம் உப்புக்காற்றில் நின்றதா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

பழைய காரின் விலையைத் தீர்மானிப்பதில் முதல் கை புது காரின் விலைக்குத்தான். 2025 செப்டம்பர் 22 அன்று இது எல்லோருக்கும் புரிந்தது. அதுவரை சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், மேலே செஸ் வேறு. அன்று முதல் 18 சதவீதம். வேகன்ஆரின் ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலை 5.79 லட்சத்திலிருந்து ஐந்து லட்சத்துக்குச் சற்றே கீழே இறங்கியது. அதே வருடம் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. இரண்டு ஏர்பேக் உள்ள மூன்று வருட வண்டியைக் கொண்டுவந்து, "நான் ஏழு லட்சம் குடுத்து எடுத்தேன், அஞ்சாவது வரணும்" என்றால் வாங்குகிறவர் புது வண்டியின் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பாரா மாட்டாரா? நீங்கள் கட்டிய பழைய வரியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அடி அதிகம் விழுந்தது ஒன்றிலிருந்து மூன்று வயது வண்டிகளுக்கு. பத்து வயது வண்டி அவ்வளவாக அசையவில்லை. இரண்டு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கார் தேடுகிறவர் ஷோரூம் பக்கமே போவதில்லை.

அடுத்து எக்ஸ்சேஞ்ச். ஷோரூமில் பழைய வண்டிக்கு எவ்வளவு போட்டார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, அதிகம் சொன்ன இடத்தில் வண்டியை விட்டுவிடுகிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள், எண்கள் உதாரணத்துக்குத்தான். புது வண்டி வரி, பதிவு எல்லாம் சேர்த்து 6,30,000 என்று வைப்போம். முதல் ஷோரூம் பழைய வண்டிக்கு 2,90,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000, ஆக 3,10,000 தருகிறது. ஆனால் ரொக்கத் தள்ளுபடி கிடையாது, இன்ஷூரன்ஸ் அவர்களிடமே 40,000, சீட் கவர், மேட், மட்கார்டு என்று 15,000 கட்டாயம். நீங்கள் கட்டுவது 3,75,000. இரண்டாவது வழியில் பழைய வண்டியை வெளியே 2,80,000-க்கு விற்கிறீர்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் போனால் புது வண்டிக்கு 15,000 தள்ளுபடி, இன்ஷூரன்ஸை நீங்களே விசாரித்து 32,000-க்குப் போடுகிறீர்கள், ஆக்சஸரி வேண்டாம் என்கிறீர்கள். கட்டுவது 3,67,000. 3,10,000 தருகிறேன் என்ற ஷோரூமைவிட, வெளியே 2,80,000-க்கு விற்றதில் எட்டாயிரம் ரூபாய் லாபம். எப்போதும் இப்படித்தான் வரும் என்றில்லை. கடைசியில் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி ஒப்பிடுங்கள். எழுதித் தரத் தயங்குகிற சேல்ஸ்மேனிடம் மறுபடி போக வேண்டாம்.

டீலர் குறைத்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. வண்டியைத் தயார் செய்ய வேண்டும், விற்கும்வரை பணம் முடங்கும், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 2025 ஜனவரி முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். முன்பு சின்ன கார்களுக்கு இது 12 ஆக இருந்தது. தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரி இல்லை. நேரடியாகப் பார்ட்டிக்கு விற்றால் கூடுதலாகக் கிடைப்பதில் ஒரு பங்கு இதுதான். மற்றப் பங்கு உங்கள் அலைச்சலுக்கான கூலி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் வண்டியைக் காட்டிக்கொண்டு நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் டீலரிடம் கொடுப்பதே நல்லது.

இனி வண்டிக்கு வருவோம். வடசென்னை வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது துரு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே நிற்கும் வண்டிகளில் வெளியே பளபளப்பாக இருக்கும். கதவின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டு, பின் சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்டெப்னி கிடக்கும் குழி, இங்கெல்லாம் டார்ச் அடித்தால் கதை தெரியும். வேகன்ஆரின் டிக்கி உயரமானது, பின் சீட்டை மடக்கினால் ஒரு குட்டி வேன். அதனால் மீன் பெட்டி ஏற்றியவர்களும் உண்டு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் மேட்டுக்கு அடியில் இறங்கித் தகரத்தைத் தின்றிருக்கும். எத்தனை வாசனைத் திரவியம் அடித்தாலும் வெயிலில் கண்ணாடியை ஏற்றி அரை மணி நேரம் நிறுத்தினால் காட்டிக்கொடுத்துவிடும். மீன் வியாபாரத்தைக் குறை சொல்லவில்லை. அந்த வண்டிக்கு அந்த விலை, அவ்வளவுதான்.

எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை கன்டெய்னர் லாரிகள் கொடுக்கும் உரசல் இன்னொரு ரகம். பக்கவாட்டுக் கீறல், ஒடுங்கிய கதவு, இதெல்லாம் வாங்குகிறவரை அவ்வளவு பயமுறுத்தாது. அதை மறைக்க வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வருவதுதான் பயமுறுத்தும். முப்பதாயிரம் செலவழித்து முழு பெயிண்டிங் செய்துவிட்டு, அதைச் சேர்த்து விலை கேட்பார்கள். வாங்குகிறவர் நினைப்பதோ, "பெரிய ஆக்ஸிடென்ட் போல, மூடி மறைச்சிருக்காங்க" என்று. கீறலோடு உள்ள ஒரிஜினல் பெயிண்டுக்கு எங்கள் தொழிலில் மரியாதை அதிகம். பேனட்டைத் தூக்கி, இன்ஜினின் இரு பக்கமும் உள்ள தகரச் சுவரான ஏப்ரனில் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் உண்டா என்று பார்ப்போம். முன் கண்ணாடி மாறியிருந்தால் பரவாயில்லை, கல் பட்டிருக்கும். பக்கக் கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு கம்பெனி முத்திரையோடு இருந்தால் அந்தக் கதவைப் பற்றி ஒரு கேள்வி கேட்போம்.

வெள்ளம்தான் பெரிய விஷயம். 2015 டிசம்பரைப் பார்த்த வண்டிகள் பெரும்பாலும் சந்தையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், மணலி புதுநகர் எல்லாம் தண்ணீரில் நின்ற நாட்கள் அவை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. அங்கே நின்ற வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டின் பின்புறமும் ஒரு கருப்புப் படலம், சாதாரணமாகக் கழுவினால் போகாது.

வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். அந்த இடத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் நகரும் தண்டவாளத் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, எட்டு வருட வண்டியில் புத்தம்புது கார்பெட், இவையும் சந்தேகத்துக்குரியவை. எனக்குப் பிடித்த சோதனை காகிதத்தில்தான் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு, 2024-இல் புதுப்பித்த பாலிசியைக் கேளுங்கள். கிளெய்ம் எடுக்காதவருக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.), 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடாவருடம் ஏறும். ஒரே ஓனரின் ஆறேழு வயது வண்டியில் அந்த வருடம் மட்டும் அது பூஜ்யமாக விழுந்திருந்தால், அதற்கு முந்தைய பாலிசியில் ஏதோ கிளெய்ம் போயிருக்கலாம். எதற்கு என்று கேட்பதில் தப்பில்லை.

விற்பவர் பக்கம் ஒரு வார்த்தை. தண்ணீர் புகுந்து, முறையாகச் சரிசெய்து, பில்லோடு இருக்கும் வண்டியைச் சொல்லியே விற்கலாம். விலை குறையும், விற்கும். மறைத்து விற்று, வாங்கியவர் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு உங்கள் வாசலில் வந்து நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

மீட்டர் திருப்பும் வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டிக்கு ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், ஓனர் கேட்டால் அந்த வரலாறு கிடைக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற 2019 வண்டியில் நாலு டயரும் 2022-இல் செய்ததாக இருந்தால், முப்பதாயிரத்துக்குள் நாலையும் ஏன் மாற்ற வேண்டி வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். டாக்ஸியாக ஓடி, டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி என்றால் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விவரங்களில் தெரிந்துவிடும். அதற்கு விலை ஒரு படி கீழேதான்.

ஆண்ட்ராய்டு செட்டு, அலாய் வீல், ஸ்பாய்லர், இவற்றுக்குச் செலவழித்த காசு விலையில் வராது. சீட்டுக்கு ஷாம்பூ போட்டு உள்ளே சுத்தம் செய்வதும், ஏ.சி.யைச் சரிபார்ப்பதும், இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வைப்பதும் வரும்.

எப்போது விற்பது? ஆடியிலும் மார்கழியிலும் பார்ட்டி வருவது குறைவு. தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் ஜனவரியில் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். டிசம்பரில் புது வண்டிக்குக் கொடுக்கும் தள்ளுபடி வேறு பழைய வண்டியின் விலையை இழுக்கும். ஆவணியிலிருந்து தீபாவளிக்கு முன்புவரை, மழை இறங்குவதற்குள் விற்பதே நம் ஊருக்குச் சரி.

காகிதத்தில்தான் நல்ல வண்டிகள் மாட்டிக்கொள்கின்றன. கடன் முடிந்து பல வருடம் ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருக்கும். கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி. கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்கிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். கட்டாத போக்குவரத்து அபராதங்களையும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்து முடித்துவிடுங்கள். அப்பா பெயரில் வண்டி, அப்பா இல்லை, பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நிறைய வருகின்றன. படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்ந்து வாரிசு பெயருக்கு மாறாமல் அந்த வண்டியை ஒழுங்காக விற்க முடியாது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீடுகளில் வண்டி தெருவிலேயே நின்று மட்கியதைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதை நெருங்கும் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரல் முதல் காருக்கு அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. வாங்குகிறவர் அதைக் கழித்துத்தான் கேட்பார்.

"படிவம் 29, 30-ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போங்கண்ணே, நாங்க பேர் மாத்திக்கிறோம்" என்று புரோக்கர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வாங்குபவர் பெயர், தேதி எதுவும் இல்லாத கையெழுத்து அது. 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீடு அவர் தலையில் விழும். டீலரிடம் விடுகிறீர்களா? 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலருக்கு வண்டியை ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கப் படிவம் 29சி இருக்கிறது. அதைப் பதிவு செய்துவிட்டால் அதன் பிறகு பொறுப்பு டீலருடையது. "உங்களுக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்கா, 29சி போடுவீங்களா?" என்று கேளுங்கள். தனிநபருக்கு விற்றால், வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பிய படிவங்களின் நகல், அவருடைய அடையாள அட்டை நகல், நேரம் குறிப்பிட்ட டெலிவரி நோட்டு, மூன்றையும் வைத்துக்கொண்டு, பெயர் மாறியதை ஆன்லைனில் நீங்களே பாருங்கள். பாதித் தொகையைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைக்க வாங்குபவர் கேட்டால் கோபப்படாதீர்கள், ஒரு சின்னத் தொகைக்குச் சம்மதிப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். விற்றதும் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் என்.சி.பி. கடிதம் கேட்டு வாங்குங்கள். 50 சதவீதம் வைத்திருந்தால், புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கட்டும் பகுதியில், பாதி குறையும். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் போடும் பாலிசியில் என்.சி.பி. பூஜ்யமாகவே இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, பணம் கட்டும் முன் கொட்டேஷனில் அதைத் தேடுங்கள். உடனே புது வண்டி வாங்கவில்லை என்றாலும் அந்தக் கடிதம் மூன்று வருடம் செல்லும்.