எபிடெமியாலஜி: தொற்றுநோயியலா, நோய்ப்பரம்பலியலா?

'கவாசாகி நோயின் தொற்றுநோயியல்'. குழந்தை நலக் குறிப்பு என்று தமிழில் கைபேசிக்கு வருபவற்றில் இந்தத் தலைப்பை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எந்த நோய் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜி துறைக்குத்தான் தமிழில் இப்படிப் பெயர் வைக்கிறார்கள். தலைப்பில் தொற்று என்கிறார்கள், அடுத்த பத்தியிலேயே 'இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது' என்கிறார்கள். படிக்கிற தாய் எதை நம்புவாள்?

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. நடுத்தர அளவுள்ள ரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) உண்டாகிறது. ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், பீளை கட்டாமல் சிவக்கும் கண், வெடித்த உதடு, சிவந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் நாக்கு, கை கால் வீக்கம், அப்புறம் விரல் நுனியில் தோல் உரிவது. நம் நாட்டுக் குழந்தைகளுக்குக் கையில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருக்குமே, அது திடீரெனச் சிவந்து தடிப்பதும் ஓர் அடையாளம். டோக்கியோவில் மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1961இல் முதல் குழந்தையைப் பார்த்தார், 1967இல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதி வெளியிட்டார். காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. ஏதோ ஒரு கிருமி தூண்டிவிடலாம் என்ற கருத்து உண்டு, ஆனால் நோய் குழந்தைக்குக் குழந்தை ஒட்டுவதில்லை.

எபிடெமியாலஜி கிரேக்கச் சொற்களால் ஆனது. எபி என்றால் மேல், டெமோஸ் என்றால் மக்கள், மிச்சம் 'இயல்'. மக்கள்மேல் வந்து விழுவதைப் பற்றிய படிப்பு, அவ்வளவுதான். தொற்று அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை.

இந்தத் துறை கொள்ளைநோய்களைத் துரத்தித்தான் வளர்ந்தது என்பது உண்மை. லண்டனில் 1854இல் காலரா வந்தபோது மருத்துவர் ஜான் ஸ்நோ ஒரு தெருக் குழாயின் தண்ணீர்தான் காரணம் என்று சுட்டிக்காட்டியதைச் சொல்லாத பாடநூல் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரத்தில் இதய நோய் யாருக்கு வருகிறது என்று ஊர் மக்களையே தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டார்கள். இரண்டும் எபிடெமியாலஜிதான். மாரடைப்பும் புற்றுநோயும் ஒட்டுவாரொட்டியா? 'புற்றுநோயின் தொற்றுநோயியல்' என்று எழுதும்போது கை கூசவேண்டாமா?

பழகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்பார்கள். விட முடியாது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் தொற்றுநோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அந்தப் படிப்புக்குத் தொற்றுநோயியல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அதைப் பிடுங்கி இங்கே ஒட்டவைத்துவிட்டால் அங்கே என்ன வைப்பது? ஒரே சொல்லை இரண்டு துறைக்கும் கொடுத்தால் தமிழில் படிக்கும் மாணவன் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பான். கொள்ளைநோயியல் இன்னும் மோசம், ஊரையே வாரிக்கொண்டு போகிற மாதிரி. இந்தியில் 'மஹாமாரி விஞ்ஞான்' என்பதும் அதே கோளாறுதான், மஹாமாரி என்றால் கொள்ளைநோய். தில்லியில் இருக்கிறவர்களுக்கு இது அடிக்கடி கண்ணில் படும். ஆனால் இந்தியிலேயே 'ஜானபதிக் ரோக் விஞ்ஞான்' என்று இன்னொன்று இருக்கிறது. ஜனபதம் என்றால் மக்கள் வாழும் நாடு. டெமோஸ் அப்படியே அதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர்களில் சிலருக்குத் தோன்றியது நமக்கு ஏன் தோன்றவில்லை?

இது அகராதிச் சண்டை மட்டுமல்ல. தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு குழந்தை கவாசாகி நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. எதிர்வீட்டுப் பெண் கைபேசியை நீட்டி, "அக்கா, தொற்றுநோயியல்னு போட்டிருக்கே, நம்ம பையனை அங்கே விளையாட அனுப்பலாமா?" என்று கேட்டாள். நன்றாகப் படித்த பெண். தமிழை அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள், எழுதியவர்தான் தப்பாக எழுதியிருக்கிறார்.

சிலர் எழுதும் நோய்ப்பரவலியல் என்பது தொற்றுநோயியலைவிட எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் பாடத்தில் 'இயல்நிலைப் பரவல்' படித்தவர்களுக்குப் பரவல் என்றால் எது எங்கே எவ்வளவு என்ற பொருளும் தெரியும். ஆனால் நோய் என்ற சொல்லை முன்னால் போட்டதுமே பரவல் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. டெங்கு பரவுகிறது, காய்ச்சல் பரவுகிறது என்றுதானே நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம்! ஓர் எடுத்துக்காட்டு. சண்டிகரில் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் கவாசாகி நோய் கண்டவர்கள் 1994இல் 0.51, 2007இல் 4.54. இதை 'சண்டிகரில் கவாசாகி பரவல் ஒன்பது மடங்கு' என்று எழுதினால் படிப்பவர் கொரோனாவைத்தான் நினைப்பார். நோயை அடையாளம் காணத் தெரிந்த மருத்துவர்கள் கூடினாலும் இந்த எண் ஏறும் என்பது அவருக்கு எப்படித் தோன்றும்?

அதனால் என் தேர்வு பரம்பல். நோய்ப்பரம்பலியல். இலங்கைத் தமிழர் 'குடிப்பரம்பல்' என்று வெகுகாலமாக எழுதிவருகிறார்கள், எந்த மக்கள் எங்கே எத்தனை பேர் என்பதற்கு. தமிழ்நாட்டு ஏடுகள் அதை அயலூர்ச் சொல்லாகத் தள்ளிவைப்பது சரியில்லை. பரம்பலில் ஓட்டம் இல்லை, நோய் எங்கே எவ்வளவு கிடக்கிறது என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. ஜப்பானில் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல், அமெரிக்காவில் ஏறத்தாழ 20 பேர், ஹவாயில் வாழும் ஜப்பானிய வழிக் குழந்தைகளுக்கும் அதிகம். இதுதான் பரம்பல். சண்டிகர் எண்ணை மட்டும் இவற்றோடு நேராக வைத்து ஒப்பிடக்கூடாது, வயது வரம்பு வேறு.

இந்த எண்கள் எல்லாம் ஓராண்டில் புதிதாக நோயுற்றவர்களின் கணக்கு. குறித்த நாளில் எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. கவாசாகி சில வாரங்களில் அடங்கிவிடுவது, அதற்கு முதல் கணக்குத்தான் பயன்படும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் 'பரவல் விகிதம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 'புதிதாக நோயுறுவோர் வீதம்', 'நோயுள்ளோர் வீதம்' என்று எழுத என்ன தடை? நீளம்தான், ஆனால் புரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அழற்சியை 'ரத்தக்குழாய் வீக்கம்' என்று எழுதாதீர்கள். சிகிச்சை பெறாத குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு இதயத் தமனி புடைத்துவிடுகிறது, இம்யூனோகுளோபுலின் மருந்தை நேரத்தில் ஏற்றினால் அது ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். அந்தப் புடைப்பையும் வீக்கம் என்கிறீர்கள், அழற்சியையும் வீக்கம் என்கிறீர்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் 'வீக்கம் இல்லை' என்று சொன்னால் எது இல்லை என்று அந்தத் தகப்பன் எடுத்துக்கொள்வது?