உயிரிப் பூச்சிக்கொல்லி: சொல்லும் பொருளும்

'பயோபெஸ்டிசைடு' மூன்று துண்டுகள் சேர்ந்த சொல். 'பயோ' என்றால் கிரேக்கத்தில் உயிர். 'பெஸ்ட்' கொள்ளைநோயைக் குறித்த 'பெஸ்டிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'சைடு' என்பது கொல்லுதல். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் போன்ற உயிர்களைக் கொண்டோ, தாவரச் சாறு போன்ற உயிர்வழிப் பொருள்களைக் கொண்டோ பயிரின் பகையை அடக்கும் தயாரிப்பு இது.

தமிழில் 'உயிரிப் பூச்சிக்கொல்லி' நிலைத்துவிட்டது. ஆனால் வேர் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையைப் பூச்சிக்கொல்லி என்பது பொருந்தாது. பூச்சி, பூஞ்சை, களை மூன்றையும் தழுவும் 'பீடைநாசினி' இலங்கைத் தமிழில் புழக்கத்தில் இருக்கிறது. 'உயிரிப் பீடைநாசினி' என்பதே துல்லியம். இதை 'உயிர்க்கொல்லி' என்று சுருக்கவே கூடாது. அது 'பயோசைடு', அதாவது உயிர்களைக் கொல்வது; நேர் எதிரான பொருள்.

இதைவிட விரிந்த சொல் 'உயிரியல் கட்டுப்பாடு'. ஆங்கிலத்தில் இதை 1919-இல் பூச்சியியலாளர் ஹாரி ஸ்காட் ஸ்மித் பயன்படுத்தினார். முறை சொல்லைவிடப் பழையது. கலிஃபோர்னியாவின் எலுமிச்சைவகைத் தோட்டங்களை அழித்த செதில் பூச்சியை ஒடுக்க, 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேடாலியா பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள்.

விவசாயி இவற்றையெல்லாம் 'மருந்து' என்கிறார். உயிரிப் பீடைநாசினிக்கு மாற அவர் காட்டும் தயக்கத்தின் பெரும்பகுதி அந்தச் சொல் எழுப்பும் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது: மருந்தடித்தால் மறுநாள் புழு செத்துக் கிடக்க வேண்டும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாக பி.டி., அப்படி வேலை செய்வதில்லை. 'பேசில்லஸ்' சிறுகோல், 'துரிஞ்சியென்சிஸ்' ஜெர்மனியின் துரிங்கியா பகுதியைக் குறிக்கும். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா பட்டுப்புழுவிலும், 1911-இல் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியிலும் இதைக் கண்டார்கள். தெளித்த இலையைப் புழு தின்றால்தான் பலன். காரத்தன்மையுள்ள குடலில் இதன் புரதப் படிகம் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்கோ இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை இலையிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து 'கேட்கவில்லை' என்று ரசாயனத்துக்குத் திரும்புகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது புழுவை அல்ல, புதிய கடித் தடமும் ஈரமான எச்சமும் இருக்கிறதா என்பதை.

முட்டை பொரித்த முதல் நாட்களின் சிறு புழுக்களுக்கே அடிக்க வேண்டும்; வளர்ந்த புழு தப்பிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் பி.டி.யைச் சிதைக்கும் என்பதால் மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். கார நீரில் கரைக்கக் கூடாது. அசுவினி, வெள்ளை ஈ போன்றவை சாறு உறிஞ்சுபவை. இலையைத் தின்னாததால் அவற்றுக்கு அடிப்பது வீண்.

டிரைக்கோடெர்மா விரிடி விஷயம் வேறு. அது வருமுன் காப்பது. வாடிய செடியை மீட்காது. விதைக்கும் முன் விதையில் கலக்க (விதை நேர்த்தி) கிலோவுக்கு 4 கிராம். நிலத்துக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது இட வேண்டும். கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியோடு கலந்தால் டிரைக்கோடெர்மாவும் செத்துவிடும். பொட்டலத்தில் 'சி.எஃப்.யூ.' என்று அச்சிட்டிருப்பது ஒரு கிராமில் முளைக்கக்கூடிய உயிர்களின் அளவு. வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அந்த எண் வெறும் அச்சுதான். காலாவதி நாளோடு, எங்கே வைத்திருந்தார்கள் என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

முதன்முறை முயல்பவருக்கு விதை நேர்த்தியே நல்ல தொடக்கம்: செலவு குறைவு, வழக்கமான வேலை எதையும் மாற்ற வேண்டியதில்லை. தெளிப்பு என்றால் வயலின் ஒரு பகுதியில் மட்டும் பி.டி. அடித்து, பக்கத்தில் சில வரிசைகளை அடிக்காமல் விட்டு, ஐந்தாம் நாள் இரண்டிலும் புதிதாகக் கடிபட்ட இலைகளை எண்ணிப் பார்க்கலாம்.