தன்பாலீர்ப்பும் சட்டமும்: எந்த நாட்டில் என்ன நிலை?

"அந்த நாட்டில் அதெல்லாம் சட்டப்படி சரியாகிவிட்டதாமே" என்று தன்பாலீர்ப்பைப் பற்றி (ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் வரும் ஈர்ப்பு) பேச்சுவாக்கில் பலரும் சொல்கிறார்கள். எது சரியானது என்று திருப்பிக் கேட்டால் பதில் தடுமாறும். தண்டனைச் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்ததா, வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் போட்டதா, இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ திருமணத்தைப் பதிவு செய்யலாம் என்றானதா? மூன்றும் வேறு வேறு. முதலாவது நடந்து, மற்ற இரண்டும் எட்டிக்கூடப் பார்க்காத நாடுகள் நிறைய. ஒரு நாட்டின் நிலையைப் புரிந்துகொள்ள இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

முதலில் குற்றம் என்ற பக்கம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல், ஆணுக்கும் ஆணுக்குமான உறவுக்குத் தூக்கு என்று சட்டம் வந்தது. அதுவரை மதநீதிமன்றங்களின் கையில் இருந்த விஷயம் அரசின் கைக்குப் போனது. மரண தண்டனை அங்கே நீங்கியது 1861இல்தான். பிரான்ஸ் வேறு வழியில் போனது. புரட்சிக்குப் பிறகு 1791இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தையே சேர்க்கவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தைப் பின்பற்றிய பல நாடுகளில் இது குற்றமாக இல்லாமல் போனதற்கும், பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளில் குற்றமாகவே நீடித்ததற்கும் வேர் இங்கே இருக்கிறது.

பிரிட்டிஷார் 1860இல் இந்திய தண்டனைச் சட்டத்தை இயற்றியபோது 377ஆம் பிரிவு பிறந்தது. "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது அது. இந்தச் சட்டத்தையே அச்சாக வைத்து ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல காலனிகளுக்குச் சட்டம் எழுதினார்கள். பல நாடுகளில் பிரிவின் எண்கூட மாறவில்லை. இன்று "இது எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்று சொல்லி இந்தப் பிரிவைக் காப்பவர்கள், அது லண்டனிலிருந்து வந்த சரக்கு என்பதை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரே விதை நான்கு நாடுகளில் எப்படி முளைத்தது, எங்கே பிடுங்கப்பட்டது என்று பார்த்தால் போதும், உலக நிலைமை பாதி புரிந்துவிடும். இந்தியாவில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் 377ஐ மட்டுப்படுத்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தவர்கள் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று முடித்துவைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவே இல்லை. இதில் ஒரு குறை உண்டு. சம்மதமில்லாமல் ஓர் ஆண் பாலியல் வன்முறைக்கு ஆளானால் முன்பு 377இன் கீழ் வழக்குப் போட முடியும். இப்போது அதற்கு நேரான பிரிவு எதுவும் இல்லை. அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய ஓட்டை இது.

சிங்கப்பூரில் 377ஐ 2007இல் நீக்கினார்கள். ஆண்களை மட்டும் குறிவைத்து 1938இல் சேர்த்த 377அ பிரிவு மட்டும் தங்கிவிட்டது. அது போனது 2023 ஜனவரியில். அதோடு சேர்த்து, திருமணம் பற்றிய வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்திவிட்டார்கள். ஒரு கதவைத் திறந்து, பக்கத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்ட கதை. மலேசியாவில் அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது: 20 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. இலங்கையில் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தவர்கள் அதைத் தளர்த்துவதற்குப் பதிலாக, 365அவில் "ஆண்" என்றிருந்த இடத்தில் "நபர்" என்று போட்டார்கள். அதுவரை தொடாத பெண்களையும் சட்டம் தொட ஆரம்பித்தது.

சரி, மற்ற நாடுகள்? 60க்கும் மேற்பட்ட நாடுகளில் இது இன்னும் குற்றம். ஈரான், சவுதி அரேபியா, ஏமன், மொரிட்டானியா ஆகிய நாடுகளில் மரண தண்டனைக்கே இடமிருக்கிறது. உகாண்டா 2023இல் கொண்டுவந்த சட்டமும் சில சூழல்களில் மரண தண்டனை என்கிறது. இராக் 2024இல் 10 முதல் 15 ஆண்டு சிறை என்று புதிதாகச் சட்டம் போட்டது. காலம் போகப்போக எல்லா இடத்திலும் நிலைமை தானாகத் தேறும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு நாடுகளே பதில். இன்னொரு பக்கம் போட்ஸ்வானா, மொரிஷியஸ், நமீபியா போன்ற நாடுகளில் நீதிமன்றங்கள் காலனியச் சட்டத்தைத் தூக்கி எறிந்திருக்கின்றன. அங்கோலா தன் பழைய தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதிக்கொண்டது.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பு. குற்றமில்லை என்றால் போலீஸ் பிடிக்காது, அவ்வளவுதான். வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொன்னால், முதலாளி வேலையை விட்டு அனுப்பினால் யாரிடம் போவது? அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். பாலீர்ப்பின் (யார்மீது ஈர்ப்பு என்பதன்) அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிய முதல் நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியின் அடியை வாங்கியவர்கள், ஒதுக்குவது என்றால் என்னவென்று தெரிந்து எழுதிய வரி அது. ஐரோப்பிய ஒன்றியம் வேலைவாய்ப்பில் இந்தப் பாகுபாட்டை 2000இலேயே தடை செய்தது. அமெரிக்காவில் நாடு முழுவதும் இந்தப் பாதுகாப்பு கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதுதான் திருமணம். 1989இல் டென்மார்க் பதிவு செய்த துணைவர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முழுத் திருமண உரிமை முதலில் நெதர்லாந்தில், 2001 ஏப்ரல் 1 அன்று. 2025 தொடக்கத்தில் தைவானையும் சேர்த்து 38 இடங்களில் இந்த உரிமை இருந்தது. ஆசியாவில் தைவான் 2019இல் முதலாவது. தாய்லாந்து 2025 ஜனவரி 22 முதல்.

"சேர்ந்து வாழ்கிறீர்கள், யாரும் தடுக்கவில்லை, அந்தத் தாள் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விமானத்தைக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜிம் ஓபர்கஃபெல், ஜான் ஆர்தர் என்ற இருவர் 20 ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆர்தரை நரம்பு நோய் முடக்கிவிட்டது. ஒஹையோவில் அவர்கள் மணம்செய்ய முடியாது. 2013 ஜூலையில் மருத்துவ வசதி கொண்ட சிறு விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்தார்கள். ஆர்தரால் இறங்க முடியவில்லை. ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே திருமணம் முடிந்தது. அப்படியே திரும்பினார்கள். மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் "வாழ்க்கைத் துணை" என்ற கட்டத்தில் ஓபர்கஃபெல் பெயரை எழுத ஒஹையோ மறுத்ததுதான் வழக்கின் மையம். 2015 ஜூன் 26 அன்று அந்த வழக்கில்தான் அமெரிக்கா முழுவதும் திருமண உரிமை வந்தது. தாள் என்று நாம் சொல்வது இதைத்தான்: மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடுவது, உடலை யார் பெறுவது, சொத்தும் ஓய்வூதியமும் யாருக்கு, குழந்தைக்கு யார் பெற்றோர்.

இந்தியாவில் இந்தக் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படித் திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல, அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. அப்புறம் 2024இல் மத்திய நிதி அமைச்சகம், பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பு உடையவர்கள் உள்ளிட்டோர்) கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணைவரை நாமினியாக (கணக்குதாரர் இறந்தால் பணத்தைப் பெறுபவராக) நியமிக்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. சிறியதுதான். ஆனாலும் வங்கி முகப்பில் நின்று தயங்கும் ஒருவருக்குக் கையில் பிடிக்க ஒரு துரும்பு.

நாடு விட்டு நாடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டில் பதிவான திருமணம் இன்னொரு நாட்டில் செல்லும் என்ற உத்தரவாதம் இல்லை. சுற்றுலாப் பயணி என்பதற்காக உள்ளூர்த் தண்டனைச் சட்டம் விலக்குத் தராது. சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று தஞ்சம் கேட்பவர்களுக்கு 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை கைகொடுக்கிறது. "ஊருக்குத் திரும்பிப்போய் வெளியே தெரியாமல் இருந்துகொள்ளுங்கள்" என்று அதிகாரிகள் விண்ணப்பத்தைத் தள்ளுவது முன்பு வழக்கம். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010இல் அந்த வாதத்தை நிராகரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2013இல் அதையே சொன்னது. விண்ணப்பதாரரிடம் அந்தரங்கப் படங்களை ஆதாரமாக வாங்கக் கூடாது என்றும் 2014இல் சொன்னது.

பிரிவு நீங்கினாலும் பழைய தண்டனை பதிவேட்டில் இருக்கும். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மனியின் 175ஆம் பிரிவை நாஜிகள் 1935இல் கடுமையாக்கினார்கள். வதை முகாம்களில் இளஞ்சிவப்பு முக்கோணம் குத்திக்கொண்டு நின்றவர்கள் அந்தப் பிரிவில் மாட்டியவர்கள். போர் முடிந்த பிறகும் அது சாகவில்லை, 1994இல்தான் முழுதாக நீங்கியது. போருக்குப் பிந்தைய தண்டனைகளை 2017இல்தான் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு தண்டனைக்கும் 3,000 யூரோ, சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,500 யூரோ இழப்பீடு என்று விண்ணப்பம் வாங்கினார்கள். அந்தப் படிவத்தை நிரப்ப வந்தவர்கள் அதற்குள் முதியவர்களாகியிருந்தார்கள்.